ஒரே வீட்டில் இரண்டு கொடி

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹெர்க்கிமர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. கனடாவின் புகழ்பெற்ற குதிரைப் போலீஸ் படைக்கு 1886 முதல் 1900 வரை தலைவராக இருந்தவரின் பெயர் லாரன்ஸ் ஹெர்ச்மர். எழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலும் இரண்டு பெயருக்கும் வேர் ஒன்றுதான். யோஹான் யோஸ்ட் ஹெர்க்ஹைமர் என்ற ஜெர்மன் குடியேறி, ஒரு விவசாயி. அவருடைய மூத்த மகன் அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டிஷ் ராஜாவை எதிர்த்துப் போரிட்டு உயிரை விட்டார். இன்னொரு மகன் அதே ராஜாவின் பக்கம் நின்று, நிலபுலன்களை இழந்து, கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

வம்ச வரலாறு தேடும் அமெரிக்கர்கள் பெருமையாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. “எங்கள் மூதாதையர் ஜெர்மனியிலிருந்து வந்தார், விவசாயம் செய்தார், புரட்சியில் போரிட்டார்.” கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விவசாயி ஏன் கலப்பையை விட்டுத் துப்பாக்கியை எடுத்தார்? யாரை எதிர்த்து எடுத்தார்? அதற்கு என்ன விலை கொடுத்தார்? இதற்கான விடை, நியூயார்க் மாநிலத்தின் மோஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குடியேறிய ஜெர்மானியர்களின் கதையில் இருக்கிறது. சுதந்திரம், சமத்துவம் போன்ற பெரிய வார்த்தைகளைவிட அந்தக் கதையில் அதிகம் அடிபடுவது ஒரு சிறிய வார்த்தை: நிலம்.

குளிரும் போரும் விரட்டிய மக்கள்

ரைன் நதிக்கரையில் பாலட்டினேட் என்ற பகுதி. திராட்சைத் தோட்டங்களும் வயல்களும் நிறைந்த செழிப்பான நாடு. செழிப்பாக இருந்ததே அதற்கு வினையானது. 1688-ல் தொடங்கிய போரில் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் படைகள் ஊர் ஊராகக் கொளுத்தின. ஹைடெல்பெர்க் கோட்டை இடிக்கப்பட்டது. அந்தக் காயம் ஆறுவதற்குள் அடுத்த போர் வந்தது. படை நடந்த இடமெல்லாம் தானியம் போயிற்று. மிஞ்சியதில் வரி போயிற்று.

பிறகு வந்தது 1708-09 குளிர்காலம். ஐரோப்பா அதற்கு முன் கண்டிராத கொடுங்குளிர். ஆறுகள் உறைந்தன, திராட்சைக் கொடிகள் வேரோடு பட்டுப்போயின. திராட்சைக் கொடி ஒரு பருவப் பயிர் அல்ல. மறுபடி நட்டால் பலன் தர ஆண்டுகள் ஆகும். அந்த நேரத்தில் ஊருக்குள் ஒரு சிறு புத்தகம் கைமாறிக்கொண்டிருந்தது. யோசுவா கோகர்தால் என்ற போதகர் எழுதியது. அமெரிக்காவில் உள்ள ஆங்கிலேயக் குடியேற்றங்களைப் பற்றி நல்லபடியாகச் சொன்ன அந்தப் புத்தகத்தில் இங்கிலாந்து ராணி ஆனின் படமும் தங்க நிற எழுத்துகளில் தலைப்பும் இருந்தன. ஜனங்கள் அதைத் ‘தங்கப் புத்தகம்’ என்றே அழைத்தார்கள். லண்டன் போய்ச் சேர்ந்தால் போதும், ராணியம்மா கப்பலும் நிலமும் தருவார் என்ற பேச்சு பரவியது.

1709-ல் சுமார் 13,000 பேர் லண்டன் வந்து குவிந்தார்கள். அத்தனை பேருக்கு அங்கே இடம் ஏது? பிளாக்ஹீத் மைதானத்தில் ராணுவக் கூடாரங்கள் அடிக்கப்பட்டன. முதலில் இரக்கப்பட்ட லண்டன் ஏழைகள், தங்கள் ரொட்டிக்கும் கூலிக்கும் இவர்கள் போட்டியாக வந்துவிட்டார்கள் என்று பிறகு முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அரசாங்கம் இவர்களை எங்கே அனுப்புவது என்று திண்டாடியது. கத்தோலிக்கர்கள் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் அயர்லாந்துக்குப் போனார்கள். சுமார் 2,800 பேருக்கு நியூயார்க் என்று எழுதப்பட்டது.

தார் காய்ச்ச வந்தவர்கள்

இலவசமாக யாரும் யாரையும் கப்பல் ஏற்றுவதில்லை. அன்றைய பிரிட்டிஷ் கடற்படைக்கு மரக்கப்பல்களின் இடுக்குகளை அடைக்கத் தாரும் கீலும் ஏராளமாகத் தேவைப்பட்டன. அவற்றைச் ஸ்வீடன் பக்கமிருந்து அதிக விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. நியூயார்க் காடுகளில் பைன் மரங்கள் இருக்கின்றன; இந்த ஜெர்மானியர்கள் அங்கே போய்த் தார் காய்ச்சட்டும்; கப்பல் செலவும் சாப்பாட்டுச் செலவும் அந்த உழைப்பில் கழியட்டும்; கடன் தீர்ந்த பிறகு தலைக்கு 40 ஏக்கர் நிலம். இதுதான் ஒப்பந்தம்.

1710-ல் புதிய ஆளுநர் ராபர்ட் ஹண்டருடன் பத்துக் கப்பல்கள் புறப்பட்டன. நெரிசலில் கப்பல் காய்ச்சல் பரவியது. அந்தக் கோடை முடிவதற்குள் 400-க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளையும், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட சில பிள்ளைகளையும் அரசாங்கமே தொழில் பழக அங்கங்கே ஒப்படைத்தது. அப்படி ஓர் அச்சுக்கூடத்தில் விடப்பட்ட சிறுவன்தான் ஜான் பீட்டர் ஸெங்கர். பிற்காலத்தில் ஆளுநரை விமர்சித்துப் பத்திரிகை நடத்தி, 1735-ல் நீதிமன்றத்தில் விடுதலை பெற்று, பத்திரிகைச் சுதந்திரத்தின் வரலாற்றில் இடம் பிடித்தவர்.

ஹட்சன் ஆற்றின் இரு கரைகளிலும் முகாம்கள் அமைந்தன. ஆனால் திட்டம் தொடக்கத்திலேயே கோணலாக இருந்தது. அங்கிருந்த பைன் மரங்களில் தாருக்கு வேண்டிய அளவு பிசின் இல்லை. மரத்தின் பட்டையை உரித்துவிட்டு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டிய வேலை அது. வந்தவர்களோ வயலும் திராட்சையும் தெரிந்தவர்கள். உணவு வழங்கும் ஒப்பந்தம் ராபர்ட் லிவிங்ஸ்டன் என்ற பெரும் நிலச்சுவான்தார் கையில். கொடுத்த ரொட்டியும் இறைச்சியும் மோசம் என்று முகாமில் புகார். 1711-ல் மக்கள் எதிர்த்து நின்றபோது, ஆளுநர் சிப்பாய்களை வரவழைத்து அவர்களுடைய ஆயுதங்களைப் பறித்தார்.

1712 செப்டம்பரில் லண்டனிலிருந்து பணம் வராமல் போகவே, ஆளுநர் உணவு வழங்குவதையும் நிறுத்திவிட்டார். ‘இனி உங்கள் பிழைப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் கூப்பிடும்போது தார் காய்ச்ச வர வேண்டும்’ என்பது உத்தரவு. குளிர்காலம் வாசலில் நின்றது.

மூன்று முறை ஏமாந்தபின் கிடைத்த மண்

அந்தக் குளிரிலேயே சில பத்துக் குடும்பங்கள் பனியில் வழி வெட்டிக்கொண்டு மேற்கே ஸ்கோஹாரி என்ற பள்ளத்தாக்குக்கு நடந்தன. அது மோஹாக் பழங்குடியினரின் நிலம். அந்த முதல் குளிர்காலத்தில் அவர்களைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியதும் மோஹாக் மக்கள்தான். அடுத்த வசந்தத்தில் மேலும் பலர் வந்து சேர்ந்தார்கள். காட்டைத் திருத்தி, ஏழு சிற்றூர்களை உண்டாக்கினார்கள்.

இந்தமுறையாவது நிலைத்ததா? இல்லை. உழுது பயிரிட்ட நிலத்துக்குத் தங்களிடம்தான் பட்டா இருக்கிறது என்று ஆல்பனி நகரத்துப் பணக்காரர்கள் வந்து நின்றார்கள். நியாயம் கேட்க யோஹான் கோன்ராட் வைஸர் என்ற தலைவர் 1718-ல் லண்டனுக்கே கிளம்பினார். வழியில் கடற்கொள்ளையர் கையில் சிக்கினார். லண்டனில் கடன் கட்ட முடியாமல் சிறையிலும் கிடந்தார். நியாயம் கிடைக்கவில்லை.

சிலர் குத்தகைக்காரர்களாகத் தங்கினார்கள். சிலர் பென்சில்வேனியாவுக்குப் போனார்கள். இன்னும் சிலர் 1723 வாக்கில் மோஹாக் ஆற்றோரமாக மேலும் மேற்கே நகர்ந்தார்கள். ஆளுநர் பர்னெட் காலத்தில், 1725-ல், ஆற்றங்கரையில் 90-க்கும் மேற்பட்டோருக்கு ஆளுக்கு 100 ஏக்கர் என்று பட்டா கிடைத்தது. பெண்கள் பெயரிலும் பட்டா எழுதப்பட்டது. லண்டன் கூடாரத்திலிருந்து கணக்குப் பார்த்தால் பதினாறு ஆண்டுகள்! சொந்த மண் என்று காலூன்ற அவர்களுக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

நம் கதையின் நாயகர் யோஹான் யோஸ்ட் ஹெர்க்ஹைமர் 1710 கப்பல்களில் வந்தவர் அல்ல. 1720-களின் தொடக்கத்தில் பின்னால் வந்து இவர்களோடு சேர்ந்துகொண்ட குடும்பம். அந்தப் பட்டாவில் அவர் பெயரும் இருக்கிறது. ஆறு ஆண்டுதோறும் வண்டல் கொண்டு வந்து கொட்டும் சமவெளி அது. கோதுமையும் பட்டாணியும் அமோகமாக விளைந்தன. ‘ஜெர்மன் பிளாட்ஸ்’, அதாவது ஜெர்மானியர் சமவெளி, என்றே ஊருக்குப் பெயர் வந்தது. விவசாயத்தோடு வியாபாரமும் செய்து யோஹான் யோஸ்ட் செல்வந்தரானார். பிள்ளைகள் பதின்மூன்று பேர். மூத்தவர் நிக்கோலஸ். 1764 வாக்கில் நிக்கோலஸ் கட்டிய செங்கல் மாளிகை இன்றும் இருக்கிறது, நினைவில்லமாக. அந்த மாளிகை அடிமைகளின் உழைப்பிலும் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டில் ஜெர்மன், சபையில் ஜெர்மன், சந்தையில் கொஞ்சம் டச்சும் மோஹாக் மொழியும். ஆங்கிலம் கடைசியில்தான். நிக்கோலஸ் பிற்காலத்தில் படைத்தலைவராகி எழுதிய ஓர் உத்தரவில், ‘பட்டாலியன்’ என்ற சொல்லை ‘போடெல்லியன்’ என்று எழுதியிருக்கிறார். ஜெர்மன் காதால் கேட்ட ஆங்கிலம்! படித்தவர்கள் சிரித்தார்கள். பள்ளத்தாக்கில் உள்ளவர்களுக்கோ அது தங்கள் வீட்டுக் குரல்.

நிம்மதி நிரந்தரமாக இருக்கவில்லை. 1757 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்களும் அவர்களுடைய பழங்குடிக் கூட்டாளிகளும் ஜெர்மன் பிளாட்ஸைத் தாக்கினார்கள். சுமார் 40 பேர் கொல்லப்பட்டார்கள். 150 பேர் வரை கைதாகக் கொண்டுபோகப்பட்டார்கள். எரிந்த இடத்திலேயே மீண்டும் களஞ்சியம் கட்டினார்கள் அந்த விவசாயிகள்.

யார் பக்கம் நிற்பது?

1775-ல் புரட்சி வெடித்தபோது இந்த மக்கள் எல்லாரும் ஒரே பக்கம் பாய்ந்துவிடவில்லை. பலருடைய கணக்கு எளிமையானது: எந்தப் பக்கம் நின்றால் நிலம் தங்கும்? பள்ளத்தாக்கின் அதிகாரம் முழுவதும் ராஜாவுக்கு நெருக்கமான ஜான்சன் குடும்பத்தின் கையில் இருந்தது. பட்டாவைக் காட்டி விரட்டிய நிலச்சுவான்தார்களையும், ஆயுதத்தைப் பறித்த ஆளுநரையும் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அதிகாரத்தின் மேல் நம்பிக்கை குறைவு. 1774 ஆகஸ்டிலேயே பாலட்டைன் வட்டாரத்தில் எதிர்ப்புக் குழு ஒன்று கூடிவிட்டது.

ஆனால் வேறு சிலர் வேறு மாதிரி நினைத்தார்கள். ராஜாவின் பட்டாவில் கிடைத்த நிலம், ராஜா போனால் நிற்குமா? கொடுத்த விசுவாசப் பிரமாணம் என்ன ஆவது? இப்படி ஒரே சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஹெர்க்ஹைமர் வீடும் அப்படித்தான் பிரிந்தது. தந்தை 1775-ல் காலமானார். அடுத்த ஆண்டு நிக்கோலஸ் புரட்சிப் பக்கத்து மாவட்டப் படைக்குத் தளபதியானார். தந்தையின் பெயரையே தாங்கிய தம்பி யோஹான் யோஸ்ட் ராஜாவின் பக்கம் போனார்.

ஜெர்மானியர்கள் எதிர்ப்பக்கத்தில் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டன் ஜெர்மன் சிற்றரசர்களிடமிருந்து சுமார் 30,000 சிப்பாய்களைக் கூலிக்கு எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஆகவே ஜெர்மன் மூதாதையர் ஒருவர் புரட்சிப் போரில் இருந்தார் என்று தெரிந்தால், அடுத்த கேள்வி எந்தப் பக்கம் என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

1777 ஆகஸ்ட் 6

1777 கோடையில் பிரிட்டிஷ் தளபதி செயின்ட் லெஜர் மேற்கிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி வந்தார். அவரோடு பிரிட்டிஷ் சிப்பாய்கள், ஜெர்மன் வேட்டைப்படையினர், ராஜா பக்கத்து உள்ளூர்க்காரர்கள், மோஹாக், செனெக்கா வீரர்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஸ்டான்விக்ஸ் கோட்டையை முற்றுகையிட்டார்கள். கோட்டை விழுந்தால் பள்ளத்தாக்கின் கதவு திறந்துவிடும்.

16 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் எல்லாரும் தயாராக இருக்க வேண்டும் என்று நிக்கோலஸ் ஹெர்க்கிமர் ஜூலை மாதமே அறிவித்திருந்தார். கோதுமை அறுவடைக் காலம் அது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி சுமார் 800 பேர் புறப்பட்டார்கள். அப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும், மாமனும் மச்சானும் ஒரே வரிசையில். சீருடை இல்லை. பின்னால் மாட்டு வண்டிகளில் தானியமும் மருந்தும். ஒனைடா பழங்குடி வீரர்கள் சுமார் 60 பேர் துணைக்கு வந்தார்கள்.

ஹெர்க்கிமர் அவசரப்படவில்லை. கோட்டைக்குத் தூதர்களை அனுப்பி, மூன்று பீரங்கிச் சத்தம் கேட்ட பிறகு முன்னேறலாம் என்றார். ஆகஸ்ட் 6 காலையில் சத்தம் கேட்கவில்லை. காத்திருக்க முடியாத இளைய அதிகாரிகள் அவரைக் கோழை என்றார்கள். ‘தம்பி அந்தப் பக்கம் இருக்கிறார் அல்லவா, அதனால்தான் தயங்குகிறார்’ என்று குத்தினார்கள். அந்தச் சொல் வேலை செய்தது. புறப்படலாம் என்று உத்தரவிட்டார்.

ஒரிஸ்கனி என்ற இடத்தில், காட்டுப் பாதை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அங்கே ஜோசப் பிராண்ட் என்ற மோஹாக் தலைவரின் ஆட்களும், செனெக்கா வீரர்களும், ராஜா பக்கத்துப் படையினரும் பதுங்கியிருந்தார்கள். பிராண்ட் அந்நியர் அல்லர். ஹெர்க்கிமரின் பக்கத்து ஊர்க்காரர். சில வாரங்களுக்கு முன் இருவரும் நேரில் சந்தித்துப் பேசி, உடன்பாடு எட்டாமல் பிரிந்திருந்தார்கள். படை புறப்பட்ட செய்தியை எதிர்முகாமுக்குச் சொல்லி அனுப்பியதும் பிராண்டின் அக்கா மோலிதான்.

முதல் வேட்டுகளிலேயே ஹெர்க்கிமரின் குதிரை விழுந்தது. அவருடைய கால் சிதைந்தது. குதிரைச் சேணத்தைக் கழற்றி ஒரு மரத்தடியில் போடச் சொல்லி, அதில் சாய்ந்து உட்கார்ந்து, புகைக் குழாயைப் பற்றவைத்துக்கொண்டு உத்தரவுகளைத் தொடர்ந்தார் என்கிறது பள்ளத்தாக்கின் நினைவு. நடுவே இடியோடு பெருமழை. வெடிமருந்து நனைந்து ஒரு மணி நேரம் சண்டை நின்றது. அந்த இடைவேளையில் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு மரத்தின் பின்னும் இருவர் இருவராக நில்லுங்கள். ஒருவர் சுட்டு முடித்து மறுபடி மருந்து அடைக்கும் நேரத்தில் மற்றவர் சுடத் தயாராக இருக்கட்டும். அதுவரை, ஒரு வேட்டு கேட்டதும் கோடரியோடு பாய்ந்துவந்த எதிரிகளை அந்த ஏற்பாடு நிறுத்தியது.

மழைக்குப் பிறகு வந்த படையில் பழைய அயலார்களே இருந்தார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். முகம் தெரிந்ததும் துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்தியும் கையுமாகக் கட்டிப் புரண்டார்கள். ஒனைடா தரப்பில் ஹான் யெர்ரி என்ற தலைவர் மணிக்கட்டில் குண்டு பட்ட பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அவருக்குத் துப்பாக்கி அடைத்துக் கொடுத்தார். ஹான் யெர்ரி என்பதே யோஹான் கியோர்க் என்ற ஜெர்மன் பெயர் மருவியதுதான்.

மாலைக்குள் எதிரிகள் பின்வாங்கினார்கள். ஆனால் புறப்பட்ட 800 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், காயப்பட்டார்கள், அல்லது பிடிபட்டார்கள். பள்ளத்தாக்கில் அந்த வாரம் சாவு விழாத குடும்பம் அரிது. ஹெர்க்கிமரை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். காலை எடுத்த அறுவை சரியாக அமையவில்லை. ரத்தம் நிற்காமல் ஆகஸ்ட் 16-ஆம் தேதி, அந்தச் செங்கல் வீட்டிலேயே இறந்தார்.

கோட்டை விழவில்லை. அதைக் காப்பாற்றியதில் ஹெர்க்கிமர் குடும்பத்துக்கு உறவுக்காரரான இன்னொரு ஜெர்மானியருக்கும் பங்கு உண்டு. ராஜா பக்கம் நின்று பிடிபட்டு, மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த ஹான் யோஸ்ட் ஸ்கைலர், தம்பியைப் பிணையாக வைத்துவிட்டு, சட்டையில் குண்டுத் துளைகளோடு செயின்ட் லெஜர் முகாமுக்கு ஓடினார். மாபெரும் அமெரிக்கப் படை வருகிறது என்று கதை கட்டினார். முகாம் கலைந்தது, முற்றுகை முடிந்தது.

நெல்லிக்காய் மூட்டைபோல் சிதறிய வாழ்க்கை

புத்தகங்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடும். விவசாயிகளுக்குப் போர் இங்கே முடியவில்லை. 1778 செப்டம்பரில் ஆடம் ஹெல்மர் என்ற உளவுக்காரர், கூட்டாளிகள் கொல்லப்பட்ட இடத்திலிருந்து தப்பி, காடும் மேடும் தாண்டி ஜெர்மன் பிளாட்ஸுக்கு ஓடிவந்தார். பிராண்டின் படை வருகிறது என்று ஊரை எழுப்பினார். மக்கள் கோட்டைகளுக்குள் ஓடிப் பிழைத்தார்கள். இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மறுநாள் கோட்டைச் சுவருக்குள்ளிருந்தே அவர்கள் பார்த்தது: 63 வீடுகள், 57 களஞ்சியங்கள், மூன்று மாவு ஆலைகள் எரிந்துகொண்டிருந்தன. ஆடு, மாடு, குதிரை நூற்றுக்கணக்கில் ஓட்டிச் செல்லப்பட்டன. களஞ்சியத்தில் இருந்தது அந்த ஆண்டின் அறுவடை.

மறுபக்கத்து இழப்பு இதைவிடப் பெரியது. 1779-ல் அமெரிக்கப் படை இரொக்குவா கூட்டமைப்பின் 40-க்கும் மேற்பட்ட கிராமங்களையும் சோளக் கொல்லைகளையும் அழித்தது. 1783 சமாதான ஒப்பந்தத்தில் பழங்குடியினரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அமெரிக்கர்களோடு தோளோடு தோள் நின்ற ஒனைடா மக்கள்கூட, 1788-ல் நியூயார்க் மாநிலத்துடன் செய்த ஒப்பந்தத்தில் 50 லட்சம் ஏக்கருக்கு மேல் இழந்தார்கள். மிஞ்சியது சுமார் 3 லட்சம் ஏக்கர். ஜெர்மானியர்களைப் பனிக்காலத்தில் காப்பாற்றிய மோஹாக் மக்களில் பெரும்பாலோர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். நிலத்துக்காக ஏமாந்து ஏமாந்து அலைந்தவர்கள் கடைசியில் நிலத்தோடு நின்றார்கள். அவர்களுக்கு முதலில் இடம் கொடுத்தவர்கள் நிலமின்றிப் போனார்கள். மூதாதையரைத் தேடுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும்.

தம்பி ஹெர்க்கிமரின் சொத்து பறிமுதலானது. கனடாவில் கிங்ஸ்டன் பக்கம் குடியேறி, 1795-ல் இறந்தார். ஹெர்ச்மர் என்ற பெயர் அந்த வழியில் வந்தது. அண்ணனுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப 1777-லேயே அமெரிக்கக் காங்கிரஸ் 500 டாலர் ஒதுக்கத் தீர்மானம் போட்டது. அவர் கல்லறையருகே நினைவுத் தூண் எழுந்தது 1896-ல்!

கைநாட்டு வைத்த கிழவர்கள்

தளபதிகளுக்குத் தூண் கிடைத்தது. மரத்தின் பின்னால் நின்ற சாதாரண விவசாயியைப் பற்றி இன்று நமக்கு எப்படித் தெரியும்? அதற்குக் காரணம், ஓய்வூதியச் சட்டம் ஒன்று.

1832-ல் அமெரிக்க அரசு, புரட்சிப் போரில் ஆறு மாதமாவது பணியாற்றிய எவரும், உள்ளூர்ப் படையில் இருந்தவர் உட்பட, ஓய்வூதியம் கேட்கலாம் என்றது. இரண்டு ஆண்டு முழுமையாகப் பணியாற்றிய சாதாரணச் சிப்பாய்க்கு ஆண்டுக்கு 80 டாலர். 1777-ல் 17 வயதுப் பையனாக இருந்தவருக்கு அப்போது 72 வயது. பெரும்பாலோரிடம் காகிதம் எதுவும் கிடையாது. ஆகவே நீதிமன்றத்தில் நின்று, எந்த ஆண்டு, எந்தத் தலைவரின் கீழ், எந்தக் கோட்டையில் காவல் இருந்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். எழுத்தர் எழுதிக்கொள்வார். போதகரும் அண்டை வீட்டாரும் சாட்சி சொல்வார்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள்.

அதில் பலர் சொன்னது வீரக்கதை அல்ல. அறுப்பு நேரத்தில் காவலுக்குப் போனது, மழையில் நனைந்தது, அடுத்த ஊருக்குச் செய்தி சுமந்தது, மாடு தொலைந்தது. விதவைகள் தங்கள் கல்யாணத்தை நிரூபிக்க வீட்டுப் பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். பென்சில்வேனியா ஜெர்மானியர்கள் பூவும் பறவையும் வரைந்து அழகாக எழுதிவைத்த குடும்பப் பதிவேடுகளும் அப்படியே வாஷிங்டன் போய்ச் சேர்ந்தன. சுமார் 80,000 கோப்புகள் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. இன்று அவற்றைக் கணினியிலேயே படிக்கலாம்.

இருந்தாலும் தேடுவது சுலபமல்ல. ஜெர்மன் குடும்பங்களில் ஆண் பிள்ளைகள் பலர் ஞானஸ்நானத்தில் ‘யோஹான்’. கூப்பிடுவது இரண்டாவது பெயரால். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே மனிதருக்கு ஐந்தாறு எழுத்து. ஹெர்க்ஹைமர், ஹெர்க்கிமர், ஹெர்ச்மர் ஆனது இப்படித்தான். அதனால் அனுபவமுள்ளவர்கள் பெயரை மட்டும் துரத்துவதில்லை. ஞானஸ்நானப் பதிவில் குழந்தைக்கு ஞானப்பெற்றோராக நின்றவர் யார், பட்டாவில் பக்கத்து நிலம் யாருடையது, கப்பல் பட்டியலில் அடுத்த பெயர் யார் என்று பார்க்கிறார்கள். சுற்றமும் அயலும் சேர்ந்தே நகர்ந்தவர்கள். ஒருவர் தெரிந்தால் மற்றவரும் தெரிவார்.

1710-ல் முகாமில் யாருக்கு எவ்வளவு உணவு வழங்கப்பட்டது என்று ஆளுநர் ஹண்டர் வைத்திருந்த கணக்கும் தப்பிப் பிழைத்தது. குடும்பத் தலைவர் பெயர், பெரியவர் எத்தனை, சிறுவர் எத்தனை. கடனைத் திரும்ப வசூலிக்க எழுதிய கணக்கு அது. அதை வைத்துக்கொண்டு ஹென்றி இஸட். ஜோன்ஸ் என்பவர் 847 குடும்பங்களைத் தொடர்ந்து, 1985-ல் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். பல குடும்பங்களின் சொந்த ஜெர்மன் கிராமத்தையே கண்டுபிடித்துச் சொன்னார். ஜோன்ஸ் டிஸ்னி படங்களில் நடித்த நடிகர் என்பது கூடுதல் செய்தி!

கடன்காரர்களாகப் பார்த்து எழுதிவைத்த பட்டியல், முந்நூறு ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளைகளுக்கு முகவரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலில் தலைகளின் எண்ணிக்கைதான் இருக்கிறது. மனிதர்களின் குரல் 1832-ன் நீதிமன்றப் பதிவுகளில்தான் கேட்கிறது. அதுவும் ஒரு சட்டம் வந்து, ‘சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்’ என்று கேட்டதால். அந்தக் கிழவர்கள் தாமாக எழுதியிருக்க மாட்டார்கள், பலருக்கு எழுதவும் தெரியாது. யாரோ ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்டார். அவ்வளவுதான். எந்த வீட்டிலும் முதியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து அப்படிக் கேட்பதற்குச் சட்டம் எதுவும் வரத் தேவையில்லை.